நேட்டுக்குப் பின்னால் ஆஸ்டரிஸ்க்: சில வருடம் ஓட்டிய பிறகு

பிரிக்ஃபீல்ட்ஸில் தலைமை அலுவலகம், பட்டர்வொர்த்தில் கிளை. இரண்டுக்கும் ஒரே ஆஸ்டரிஸ்க் சர்வர், அதாவது இன்டர்நெட் வழியாகப் போன் பேச வைக்கும் மென்பொருள், அதன் பிஜேசிப் பகுதியில் ஓடுகிறது. சில வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நல்ல சாமான், கிளையோடு பேச ஒரு வெள்ளி செலவில்லை. வந்த தொல்லையில் முக்கால்வாசி நேட்டால், அதாவது அலுவலகத்தின் உள் முகவரிகளை ரௌட்டர் வெளி முகவரியாக மாற்றுவதால், வந்ததுதான்.

ரௌட்டர் பாக்கெட்டின் மேலே இருக்கும் முகவரியைத்தான் மாற்றும். போன் அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி செய்தி தன் உடம்புக்குள்ளேயும் முகவரி எழுதி வைத்திருக்கிறது, அதை அது தொடாது. வெளியூருக்குக் கடிதம் போட்டு, பதில் முகவரியாக வெறும் "மூன்றாம் மாடி, இடது பக்கம்" என்று எழுதிய கதை.

ஆரம்பத்தில் சிஸ்டம் போட்டுக் கொடுத்தவர் குரலுக்கான வெளி முகவரியான எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸை மட்டும் நிரப்பி, எஸ்ஐபி செய்திகளுக்கான எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸைக் காலியாக விட்டுவிட்டுப் போய்விட்டார். குரல் நன்றாகவே வரும். ஆனால் கிளையில் கணக்கு பார்க்கும் அக்கா கூப்பிட்டால் அரை நிமிடத்தில் லைன் போய்விடும். "தம்பி, பேர் சொல்லி முடிக்கறதுக்குள்ள கட்டாகுது" என்பார். எஸ்ஐபி செய்திகளைக் காட்டும் எஸ்என்கிரெப்பைத் திறந்து பார்த்தால் சர்வர் அதே 200 ஓகேயை, அதாவது அழைப்பை எடுத்தாயிற்று என்ற பதிலை, திரும்பத் திரும்ப அனுப்புகிறது, முதலில் அரை விநாடி, ஒன்று, இரண்டு, அப்புறம் நாலு நாலு விநாடி இடைவெளியில், சரியாக 32ஆவது விநாடியில் பை என்ற துண்டிக்கும் செய்தி. பதில் கிடைத்தது என்று போன் சொல்ல வேண்டிய ஏசிகே வரவே இல்லை. அடுத்த செய்தியை எங்கே அனுப்புவது என்று 200 ஓகேயில் சொல்லும் கான்டாக்ட் வரியில் இருந்தது சர்வரின் உள் முகவரி, 192.168.1.20. பட்டர்வொர்த்தில் அந்த முகவரி யாருடையது தெரியுமா? அங்குள்ள பிரிண்டர். பாவம் போன், ஏசிகேயை அதனிடம்தான் ஒப்படைத்துக்கொண்டிருந்தது. உங்களுக்கும் கால் 32 விநாடியில் அறுந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள். எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸை நிரப்பி, உள் முகவரிகள் எவை என்று சொல்லும் லோக்கல் நெட்டையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் எது உள்ளே எது வெளியே என்று சர்வருக்குத் தெரியாது. இவை டிரான்ஸ்போர்ட் பகுதியில் வருவதால் வெறும் ரீலோட் போதாமல் போகலாம், ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

சர்வரில் ஒவ்வொரு போனுக்கும் உள்ள அமைப்பில் ஃபோர்ஸ் ஆர்போர்ட், ரீரைட் கான்டாக்ட், ஆர்டிபி சிமெட்ரிக் மூன்றும் யெஸ், டைரக்ட் மீடியா நோ. முதல் மூன்றும் செய்தியையும் குரலையும் அவை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பச் சொல்பவை, கடைசியானது குரல் சர்வர் வழியாகவே போக வைப்பது. சிமெட்ரிக் இல்லாதபோது அக்கா பேசுவது இங்கே கேட்கும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. சர்வருக்கு முன்னால் உள்ள ரௌட்டரில் எஸ்ஐபிக்கு 5060 யூடிபி போர்ட்டும், குரலைச் சுமக்கும் ஆர்டிபிக்கு 10000 முதல் 20000 வரையும் திறக்க வேண்டும். 5060ஐத் திறந்த உடனே உலகத்தில் எங்கிருந்தோ கதவைத் தட்ட ஆரம்பிப்பார்கள், அப்படித் தட்டுபவர்களைத் தடுக்கும் ஃபெயில்டுபான் இல்லாமல் விடாதீர்கள்.

காலையில் யாரும் கூப்பிடாமல் இருந்து, பத்து மணிக்கு ஒருவர் கூப்பிட்டால் கிளை போன் அடிக்காது என்றால் ரௌட்டர் யூடிபி வழியை மூடிவிட்டது என்று அர்த்தம். நேட்டுக்கான இணைய விதி ஆர்எஃப்சி 4787 குறைந்தது இரண்டு நிமிடம் வைத்திருக்கச் சொல்கிறது, சில ரௌட்டர்கள் அரை நிமிடத்திலேயே மூடிவிடும். சர்வர் போனை எத்தனை விநாடிக்கு ஒரு முறை தட்டிப் பார்க்கும் என்று சொல்லும் குவாலிஃபை ஃப்ரீக்வென்சியை 25 என்று வைத்ததும் அந்தத் தொல்லை நின்றது.

எனக்குப் பிடிக்காத ஒன்று எஸ்ஐபி ஏஎல்ஜி, அதாவது எஸ்ஐபி செய்திக்குள் இருக்கும் முகவரியையும் மாற்றும் ரௌட்டர் வசதி. உதவி செய்கிறேன் என்று வந்து, நாம் சரியாக எழுதிய முகவரியையும் கிண்டி வைக்கும். கண்டவுடன் அணையுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு அது தானாக எழுந்து உட்கார்ந்திருக்கும், அதையும் பார்க்க வேண்டும். கிளையில் பிறகு மாற்றிய மோடத்தில் அணைக்கும் பொத்தானே இல்லை, அதனால் அந்தப் போன்களை எல்லாம் செய்தியைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் 5061க்கு மாற்றிவிட்டேன். பூட்டிய செய்திக்குள் ஏஎல்ஜியால் கை வைக்க முடியாது. டிரைவர்களின் கைப்பேசி சாஃப்ட்போனுக்கும் அதேதான், மொபைல் கம்பெனியே நேட் போட்டுப் பலருக்கும் பகிரும்போது வரும், 100.64இல் தொடங்கும் முகவரிக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு யூடிபியை நான் இனி தருவதில்லை.