பழைய பியர் கிரிஸ்லி வில்: சென்னையில் வாங்கலாமா?

பியர் ஆர்ச்சரி நிறுவனத்தின் கிரிஸ்லி மாடலில் 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் வந்த 58 அங்குல வில்லைப் பற்றியது இந்த மதிப்பீடு. நாற்பத்தைந்து பவுண்டு இழுவை, அதாவது நாணை 28 அங்குலம் இழுத்துப் பிடிக்கத் தேவையான விசை. ஒரே துண்டாகச் செய்த ரீகர்வ், அதாவது முனைகள் எய்பவரிடமிருந்து விலகி வளைந்த வில். மேப்பிள் மரக் கைப்பிடி, மரப்பட்டைகளுக்கு முன்னும் பின்னும் ஃபைபர்கிளாஸ் ஒட்டிய லிம்புகள் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் கைகள்). குறிபார்க்கும் சைட், அதிர்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் எதுவும் கிடையாது.

அமெரிக்கப் புதர்க்காடுகளில் 20 கஜத்துக்குள் மானை எய்யப் பிறந்த வில் இது. நம் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. கிண்டியில் வேலிக்கு வெளியே புள்ளிமான் வந்து நின்றாலும் அதைப் பார்த்து ரசிக்கத்தான் முடியும். ஆக, சென்னையில் இதன் வேலை 18 மீட்டரில் அம்பைத் தாங்கும் வைக்கோல் பட், அதில் ஒட்டிய 40 செ.மீ. இலக்குத் தாள், கிடைத்தால் நுரையில் செய்த 3டி மிருகப் பொம்மைகள். அந்த வேலைக்கு அருமையான வில். ஆனால் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது ஒன்று, பார்க்க வேண்டியது வேறொன்று.

எல்லோரும் பார்ப்பது கைப்பிடியில் பதித்த வட்டப் பதக்கத்தை. அது எந்த உலோகம், மரத்தோடு சமமாக இருக்கிறதா, மேலே துருத்துகிறதா என்பதை வைத்து வயது சொல்வார்கள். சமமாகப் பதித்தது 1972 வரை, துருத்துவது அதற்குப் பின்பு என்பது பொதுவான கணக்கு. 1965 முதல் 1969 வரையான வில்களில் வரிசை எண்ணின் முதல் இலக்கமே ஆண்டைச் சொல்லிவிடும். வில்லில் 'கனடா 1953' என்று இருந்தால் அது காப்புரிமை ஆண்டு, வில்லின் பிறந்த ஆண்டு அல்ல. இதைக் காட்டி '1953 வில்' என்று விலை ஏற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிரேலிங், மிச்சிகன் என்ற எழுத்து இருந்தால் 1978க்கு முந்தைய சரக்கு என்று எடுத்துக்கொள்ளலாம், அந்த ஆண்டில்தான் தொழிற்சாலை ஃப்ளோரிடாவின் கெயின்ஸ்வில்லுக்குப் போனது. சேகரிப்பவருக்கு இதெல்லாம் முக்கியம். எய்பவருக்கு லிம்புதான் முக்கியம்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள் நான்கு. நாண் ஏற்றிய வில்லை நாண் பக்கத்திலிருந்து நேராகப் பிடித்த படம் முதலில். நாண் இரண்டு லிம்புகளையும் நடுவில் பிளந்துகொண்டு போக வேண்டும். ஒரு முனையில் நாண் பக்கவாட்டில் ஒதுங்கினால் லிம்ப் முறுக்கிக்கொண்டிருக்கிறது. லேசான முறுக்கு என்றால், நாண் ஏற்றிய நிலையில் அந்த லிம்பைக் கையால் எதிர்ப்பக்கம் திருப்பி ஒரு நிமிடம் பிடித்து, சில நாட்கள் இதையே செய்து நேராக்கிவிடலாம். ஹீட் கன் காட்டாதீர்கள், ஒட்டுப் பசை இளகிவிடும். நாண் லிம்ப் முனையின் பள்ளத்திலிருந்து வெளியேறும் அளவுக்கு முறுக்கு இருந்தால் அந்த வில்லை விட்டுவிடுங்கள்.

மற்ற மூன்றும் கிட்டத்தில் எடுத்த படங்கள்: லிம்ப் முனைகள், கைப்பிடி மெலிந்து லிம்பாக மாறும் இடம், லிம்பின் பக்கவாட்டு ஓரம். வார்னிஷில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் வயதின் அடையாளம்தான், பயப்பட வேண்டாம். குறுக்குவாக்கில் கோடு இருந்தால் கண்ணாடி இழை உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். வில் கைக்கு வந்ததும் ஓரங்களில் பஞ்சை உருட்டிப் பாருங்கள். இழை எங்கே சிக்குகிறதோ அங்கே பிளவு தொடங்கியிருக்கிறது. பழைய வேட்டைக்காரர்கள் சைட்டுக்கும் அம்புக்கூட்டுக்கும் கைப்பிடியில் திருகுத் துளை போட்டிருப்பார்கள். மரம் கனமாக இருக்கும் பகுதியில் என்றால் அழகுக்குத்தான் குறை. லிம்ப் தொடங்கும் மெல்லிய பகுதியில் துளை இருந்தால் வேண்டாம்.

விலை: அமெரிக்கப் பழைய பொருள் சந்தையில் நல்ல நிலையில் உள்ள கிரிஸ்லி பெரும்பாலும் 150 முதல் 250 டாலருக்குள் அகப்படும். ஒற்றைத் துண்டு என்பதால் பார்சல் கிட்டத்தட்ட 150 செ.மீ. நீளம், அதற்கான அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்து வில்லின் விலையைத் தொட்டுவிடும். அட்டைக் குழாயில் அனுப்பினால் முனை நசுங்கும்; பி.வி.சி. பைப்பில் வைத்து இரு பக்கமும் மூடி அனுப்பச் சொல்வது உத்தமம். கூடவே இலவசமாக ரேஸர்ஹெட் வேட்டை முனைகளைத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுங்கத்தில் கேள்வி வரும், வந்து சேர்ந்தாலும் வைக்கோல் பட்டை ஒரே வாரத்தில் நார் நாராகக் கிழித்துவிடும்.

நாண் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே கெட்டுப்போகும் பழைய வில்களில் பாதிக்கு மேல் தவறான நாணால்தான் கெடுகின்றன என்பது என் கணிப்பு. இந்த வில்லுக்கு டேக்ரான் நாண் மட்டும்தான், அதாவது சற்று நீளும் பாலியெஸ்டர் இழை நாண். பி-50 வகை, 45 பவுண்டுக்கு 14 இழை. ஒலிம்பிக் ரீகர்வ்காரர்கள் கட்டும் ஃபாஸ்ட் ஃப்ளைட் போன்ற நீளாத நாணை மாட்டினால், அம்பு கிளம்பும் கடைசி நொடியின் அதிர்ச்சியை நாண் வாங்கிக்கொள்ளாது, நேராக லிம்ப் முனைக்கு அனுப்பும். புதிய வில்களில் முனை அதற்கென்று பலப்படுத்தப்பட்டிருக்கும், 60களின் வில்களில் அது கிடையாது. பள்ளம் அறுபடும், பிறகு முனையே பிளக்கும். சென்னையில் வில்வித்தைப் பொருள் விற்பவர்களிடம் ஆயத்தமாக இருப்பது பெரும்பாலும் நீளாத நாண்தான். 'இதுவும் போடலாம் சார்' என்று சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். டேக்ரான் சுருளாக வரவழைத்து நாமே கட்டுவதுதான் கடைசியில் மலிவு.

நாணின் நீளம் 54 அங்குலம். பிரேஸ் ஹைட், அதாவது கைப்பிடியின் ஆழமான பகுதிக்கும் நாணுக்கும் உள்ள தூரம், 7½ அங்குலத்தில் தொடங்குங்கள். நாணைக் கூடுதலாக முறுக்கினால் நாண் குறுகி இந்தத் தூரம் ஏறும். கால் அங்குலம் கால் அங்குலமாக ஏற்றி, எங்கே சத்தமும் கையதிர்வும் குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள். பெரும்பாலும் 8ஐ ஒட்டியே நிற்கும். புது டேக்ரான் முதல் நாளில் நீளும் என்பதால் ஐம்பது அம்புக்குப் பின் மறுபடி அளக்க வேண்டும்.

நாண் ஏற்றுவதற்கு ஸ்ட்ரிங்கர் கயிறு கட்டாயம். காலுக்கிடையில் வில்லை நுழைத்து வளைக்கும் பழைய முறையால்தான் கீழ் லிம்ப் முறுக்கிக்கொள்கிறது. பல ஆண்டு சும்மா கிடந்த வில்லை வாங்கிய அன்றே முழுசாக இழுக்காதீர்கள். நாணை ஏற்றிச் சில மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு 10 அங்குலம், 15 அங்குலம் என்று முப்பது தடவையாவது மெல்ல இழுத்து இறக்குங்கள், நாணைக் கையிலிருந்து விடாமல். 'டிக்' என்று சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்தி ஓரங்களை மறுபடி பஞ்சால் தடவிப் பாருங்கள். அம்பில்லாமல் வெறும் நாணை விடுவது எந்த வில்லுக்கும் ஆகாது. அறுபது வயது வில் உடைய ஒரு தடவையே போதும். நண்பர்கள் 'குடு, ஒரு தடவ இழுத்துப் பாக்குறேன்' என்று கையை நீட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

வில்லில் எழுதிய பவுண்டை நம்ப வேண்டாம், எடை பாருங்கள். விமானப் பயணப் பெட்டிக்கு வாங்கிய தொங்கு தராசு போதும். நாணில் அதை மாட்டி, கைப்பிடியின் ஆழத்திலிருந்து நாண் 26¼ அங்குலம் வரும்வரை இழுத்தால் 28 அங்குல இழுவைக்கான எடை கிடைக்கும். மிச்ச 1¾ அங்குலம் வில்வித்தையின் பொது அளவுமுறை சேர்த்துக்கொள்வது. 45 பவுண்டு என்றால் தராசு 20.4 கிலோ காட்ட வேண்டும். உங்கள் இழுவை 28க்குக் குறைவு என்றால் அங்குலத்துக்கு இரண்டரை பவுண்டு போலக் கழித்துக்கொள்ளுங்கள். 29க்கு மேல் இழுக்கும் நெட்டையர்களுக்கு இந்த வில் சரிவராது. வில் குட்டை என்பதால் நாண் கூர்மையாக மடிந்து விரலை நெரிக்கும், கடைசி அங்குலத்தில் எடையும் திடீரென்று ஏறும். அவர்கள் 60 அல்லது 62 அங்குல வில் தேடட்டும். இதே நிறுவனத்தின் 52 அங்குல கோடியாக் மேக்னம் பார்க்க அழகுதான், ஆனால் தாளில் எய்ய அது இன்னும் முரட்டுக் குதிரை.

அம்புக்கு வருவோம். வில்லின் ஷெல்ஃபிலேயே (கைப்பிடிக்கு மேல் வெட்டிய தட்டு) அம்பை வைத்து எய்வதால் இறகு அசல் இறகாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் இறகான வேன் மடங்காது, ஷெல்ஃபில் தட்டி அம்பைத் தள்ளிவிடும். இங்கே சுலபமாகக் கிடைக்கும் 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) கார்பன் அம்புகளும் ஆகாது. இந்த வயது வில்லுக்கு இழுவையின் ஒரு பவுண்டுக்கு 9, 10 கிரெய்னாவது அம்பின் எடை இருக்க வேண்டும். அம்பு லேசானால் வெறும் நாணை விடுவதில் பாதி தூரம் போன மாதிரி. ஈஸ்டன் 1916 அலுமினியம் நன்றாகப் பொருந்துகிறது. முதல் இரு இலக்கம் விட்டம், 64இல் 19 பங்கு அங்குலம். அடுத்த இரண்டு சுவரின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 16. 28½ அங்குல நீளம், 125 கிரெய்ன் முனை வைத்தால் மொத்தம் 450 கிரெய்னை ஒட்டி வரும். வேகம் வினாடிக்கு 160 முதல் 170 அடி. கார்பன் பழகியவர்களுக்கு மெதுவாகத் தெரியும், ஆனால் 18 மீட்டரில் அதனால் எந்த நஷ்டமும் இல்லை.

முதலில் அம்பை 30 அங்குலமாகவே வைத்து, இறகில்லாத ஒன்றை மற்றவற்றோடு சேர்த்து எய்து பாருங்கள். வலக்கைக்காரருக்கு அது கூட்டத்துக்கு வலப்பக்கம் போனால் அம்பு துவள்கிறது, கால் அங்குலம் வெட்டுங்கள். இடப்பக்கம் போனால் விறைப்பு, முனையின் எடையை 145க்கு ஏற்றுங்கள். நாணில் அம்பு பூட்டும் இடம், ஷெல்ஃபின் மட்டத்திலிருந்து அரை அங்குலம் மேலே. தாழ்ந்தால் அம்பு ஷெல்ஃபில் துள்ளும், இறகுத் தண்டு பெருவிரல் முட்டியைக் கீறும்.

சென்னைக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியது வெயிலும் ஈரமும். மே மாதம் நிறுத்தி வைத்த காருக்குள் 60 டிகிரி ஏறும். நாண் ஏற்றிய வில்லை அதற்குள் விட்டுப் போனால் பட்டைகள் பிரியத் தயாராகிவிடும். பரணும் அப்படித்தான், மொட்டை மாடிக்குக் கீழ்த்தளம் என்றால் கேட்கவே வேண்டாம். வில்லை நாண் இறக்கி, உள்சுவரில் துணி சுற்றிய இரண்டு ஆணிகளில் படுக்கையாக வையுங்கள். மூலையில் சாய்த்தால் கீழ் லிம்ப் எடையைத் தாங்கித் திரும்பும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்றில் அம்பின் எஃகு முனைகள் துருப்பிடிக்கும், துளி எண்ணெய் தடவுங்கள். ஐப்பசி மழையில் இறகு நனைந்தால் படிந்துபோகும். கெட்டில் ஆவியில் காட்டினால் மறுபடி நிமிரும். இறகைப் பூச்சி அரிக்கும் என்பதால் அம்புப் பெட்டியில் அந்துருண்டை போட மறக்க வேண்டாம். வார்னிஷ் தேய்ந்த இடத்தை மெழுகு பாலிஷால் மூடினால் போதும். தின்னர் தொட்டால் பழைய எழுத்துகள் போய்விடும்.

மொட்டை மாடியில் எய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. தப்பிய ஒரு அம்பு 150 மீட்டருக்கு மேல் போகும், பின்னால் யார் வீட்டுத் துணி காய்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பின்னால் மண் மேடோ வலையோ உள்ள பயிற்சி மைதானத்தில்தான் எய்ய வேண்டும்.

புதிதாகக் கற்பவர் இதை முதல் வில்லாக வாங்க வேண்டாம். 45 பவுண்டு தோளைக் கெடுக்கும், நாண் விடும் பழக்கத்தையும் கெடுக்கும். 25 பவுண்டு லிம்போடு சாமிக் சேஜ் போன்ற 62 அங்குல டேக் டவுன், அதாவது லிம்பைக் கழற்றி மாட்டும் வில்லில் ஓராண்டு எய்து, லிம்பை மட்டும் மாற்றி 35க்கு ஏறட்டும். டேக்ரான் வேண்டாம், நீளாத நாண்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் பியர் இன்றைக்கும் விற்கும் புதிய கிரிஸ்லியைப் பார்க்கலாம். அதே 58 அங்குலம், முனை பலப்படுத்தியது. விலைதான் பழையதைவிட நன்றாகவே கூடுதல்.