துரையின் மழைக்கோட்டு: மூன்று மழைக்காலம், நான்கு ரக்குகள்

"இன்னாமா, துரைக்குக் கல்யாணமா? ஜமக்காளம்லாம் போத்தி நிக்க வச்சிருக்கீங்க?"

2022 நவம்பரில் என் குதிரை துரைக்கு முதல் ரக்கை, அதாவது குதிரைக்கான போர்வையை, கட்டி முடித்துவிட்டு நான் பெருமையாக நின்றபோது எங்கள் சைஸ் (குதிரைக்காரர்) அண்ணா கேட்டது இது. முப்பது வருடம் கிண்டி ரேஸ் லாயங்களில் குதிரை பார்த்தவர். சிரித்து மழுப்பினேன். கால் மணி நேரம் கழித்து அவர் ரக்குக்குள் கையை விட்டு எடுத்து, ஈரமான உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அன்றைக்கு ஒரு சொட்டு மழைகூட இல்லை. அவ்வளவும் வியர்வை.

துரை தரோப்ரெட் என்ற பந்தயக் குதிரை இனம். ரேஸில் ஓடி ஓய்வு பெற்றவன், காயடித்த ஆண், இப்போது பன்னிரண்டு வயது. உயரம் பதினாறு கை. ஒரு கை என்பது நான்கு அங்குலம், ஆக தோள்மேட்டில், அதாவது கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், 64 அங்குலம். நாளின் பெரும்பகுதி லாயத்தில் அடைபட்டு நின்றதில், கதவுக் கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. அதனால்தான் திருப்போரூர் பக்கம் முக்கால் ஏக்கருக்கு வேலி போட்டு, இரவு பகலாக வெளியிலேயே விட்டிருக்கிறேன். மூன்று பக்கம் சுவர் வைத்த தகரக் கொட்டகை ஒன்று உண்டு. உள்ளே போவதும் போகாததும் அவன் இஷ்டம். பெரும்பாலும் போக மாட்டான். அடைமழையில் கொட்டகைக்கு வெளியே, கூரைத் தண்ணீர் கொட்டும் இடமாகப் பார்த்து நிற்பான்.

சென்னையில் குதிரைக்குப் போர்வை எதற்கு என்று கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். வளர்ந்த குதிரைக்குச் சுமார் 5 முதல் 25 டிகிரி வரை உடம்பு தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. நம்முடைய மார்கழி இரவே 20, 21 டிகிரியில் நிற்கிறது. ஆக, குளிர் ஒரு விஷயமே இல்லை. தண்ணீர்தான் விஷயம். தரோப்ரெட்டுக்குத் தோலும் மெலிசு, முடியும் மெலிசு, உடம்பில் கொழுப்பும் குறைவு. போதாததற்குக் குதிரைக்குக் குளிர்கால முடி வளர்வதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பகல் எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான். லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, ஜூன் பகல் பதினாறரை மணி நேரம். சென்னையில் இரண்டுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். குளிர்காலம் வந்த சேதியே துரையின் உடம்புக்கு எட்டுவதில்லை. ஐப்பசியில் வழவழவென்று பட்டுத்துணி மாதிரி ஒரு முடியோடு போய் மழையில் நிற்கிறான்.

அந்த முதல் ரக், அயர்லாந்தில் குதிரைப் பண்ணையில் வேலை செய்யும் என் அத்தை மகன் பாசத்தோடு கொண்டுவந்து கொடுத்தது. 200 கிராம். ரக்கின் எடை அல்ல அது. உள்ளே வைத்துத் தைத்திருக்கும் பஞ்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. அங்கே ஜனவரி மழைக்கும் காற்றுக்கும் அது சாதாரணம். இங்கே அது அடுப்பு. மொத்தம் இரண்டு தடவைதான் போட்டோம். இப்போது ஊட்டியில் ஒரு சிநேகிதியின் குதிரை அதைப் போட்டுக்கொண்டு உறைபனியில் நிம்மதியாக மேய்கிறது.

சரி, வியர்வைக்குப் பயந்து ஒன்றுமே போடாமல் விட்டுப் பார்த்தேன். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. எங்கள் இடம் அங்கிருந்து அதிக தூரமில்லை. இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், துரை காற்றுக்கு முதுகைக் காட்டி, வாலைத் தொடைக்குள் இடுக்கிக்கொண்டு நிற்கிறான். பின்தொடைச் சதை தனியாக உயிர் வந்ததுபோல் துடிக்கிறது. தெர்மாமீட்டரில் 22 டிகிரி. நனைந்த மெல்லிய உடம்பில் புயல் காற்று அடித்தால் அதற்கே நடுக்கம் வந்துவிடும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணா அவனைக் கொட்டகைக்குள் இழுத்து, கோணிச்சாக்கால் அழுத்தித் தேய்த்து, முதுகின் மேல் காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பி, அதன் மேல் இரண்டு சாக்கைப் போட்டுத் தளர்வாகக் கட்டினார். வைக்கோல் இடையில் காற்று ஓட, ஈரம் மேலேறிச் சாக்குக்குப் போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் முதுகு காய்ந்து, நடுக்கமும் நின்றது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து நான் அதற்கப்புறம் வாங்கிய எதுவும் அவ்வளவு கச்சிதமாக வேலை செய்யவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது ரக் 2023 மழைக்கு முன்னால் வந்தது. குதிரைச் சாமான்களுக்குப் பேர்போன கான்பூரில், ஏற்றுமதிக்குத் தைக்கும் ஒருவரிடம் வாங்கினேன். பஞ்சே இல்லாத, பூஜ்யம் கிராம் மழை ரக், 600 டெனியர். டெனியர் என்பது நூலின் தடிமன். எண் கூடக்கூடத் துணி முரடு. ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. தப்பு என்னுடையது: தாராளமாக இருக்கட்டும் என்று ஆறடி ஆறங்குலம் வாங்கிவிட்டேன். பள்ளிக்கூடச் சட்டையை வளர்கிற பிள்ளைக்கு வாங்குகிற புத்தி. தரோப்ரெட்டுக்கு நெஞ்சு ஒடுக்கம், தோள்மேடு கத்தி மாதிரி நிற்கும். பெரிய ரக் பின்னால் சரியும். சரிந்தால் கழுத்துப் பட்டை தோள்மேட்டில் ஏறி உட்கார்ந்து, அவன் புல்லுக்குத் தலை குனியும்போதெல்லாம் அறுக்கும்.

அப்புறம் மிக்ஜாம் வந்தது. 2023 டிசம்பர் 3, 4. நான் இருப்பது வேளச்சேரியில். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். போன் செத்துவிட்டது. அங்கே அண்ணா தனியாள். கையில் இருந்தது ஒரே ஒரு ரக். கழற்றினால் மாற்றுக்கு ஒன்றில்லை என்பதால் கழற்றாமலே விட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று வாங்கி வைத்தவள் நான்தானே. கிட்டத்தட்ட நாற்பது மணி நேரம் அது முதுகிலேயே கிடந்தது. நான் போய்ச் சேர்ந்து அவிழ்த்தபோது, ஈரத் துணியைப் பைக்குள் கட்டி மறந்தால் வருமே, அந்த வாடை. முதுகெலும்பு நெடுக ஓடும் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி, இடுப்பு முழுக்க வெதுவெதுவென்று ஊறிக் கிடந்தது. தோள்மேட்டில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை.

மூன்று நாளில் இடுப்பில் சிறு சிறு பொருக்குகள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரல் நுனிக்குத் தட்டுப்பட்டன. ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தால், அடியில் இளஞ்சிவப்புத் தோலை விட்டுவிட்டு, பெயின்ட் பிரஷ் போல ஒரு கொத்து முடியோடு கழன்று வந்தது. மழைச் சொறி. டெர்மட்டோஃபிலஸ் என்ற பாக்டீரியா, நீண்ட நேரம் ஊறிய தோலில் வருவது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது மருந்தைப் பற்றி அல்ல: "எத்தனை நேரம் மூடி வச்சிருந்தீங்க?" குளோர்ஹெக்சிடின் கரைசலால் கழுவி, நன்றாகத் துடைத்து, காற்றாட விடச் சொன்னார். புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, இங்கே குழி பறித்தது ரக். தண்ணீரை உள்ளே விட்டதும் அதுதான், வெளியே போகவிடாமல் பிடித்துவைத்ததும் அதுதான்.

மூன்றாவதை வாங்குவதற்கு முன் ஒழுங்காக அளந்தேன். நெஞ்சின் நடுவிலிருந்து டேப்பைப் பிடித்து, தோளின் புடைப்பு மேலேயே ஓட்டி, புட்டத்தின் கடைசி முனை வரை. 75 அங்குலம், அதாவது ஆறடி மூன்றங்குலம். கூட ஒரு ஆள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், டேப் சலசலத்ததும் துரை ஒரு தடவை வேலி வரை போய் வந்தான். இந்த ரக் 1200 டெனியர், பூஜ்யம் கிராம், உள்ளே வலைத்துணி, தோள்மேட்டுக்கு இடம் விட்டு உயர்த்தி வெட்டிய கழுத்து. முந்தியதைப்போல் இரண்டு பங்கு விலை. கொடுத்த காசு வீண் இல்லை. வலைத்துணி உடம்பில் ஒட்டாமல் நிற்கிறது. தோளில் மடிப்பு வைத்திருப்பதால் நடை இறுகவில்லை. வயிற்றுக்குக் கீழே குறுக்காகப் போகும் பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை நுழைய வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் படுத்து எழும்போது கால் மாட்டும்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல். இந்த முறை இரண்டு ரக்குகள், புதியதும் பழுது பார்த்த பழையதும். காலையும் மாலையும் கொட்டகைக்குள் கட்டி, இரண்டு மணி நேரம் வெறும் முதுகோடு விட்டு, துடைத்து, காய்ந்ததை மாற்றினோம். பொருக்கு ஒன்றுகூட வரவில்லை. பழைய ரக்கைப் பழுது பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். ஜி.பி. ரோட்டில் கார் சீட் கவர் தைப்பவரிடம் கொண்டுபோனேன். விரித்துப் பார்த்து, "இது எந்த வண்டிக்கும்மா?" என்றார். குதிரைக்கு என்றதும் கடையே திரும்பிப் பார்த்தது. பட்டைகளை அருமையாகத் தைத்துக் கொடுத்தார். ஆனால் ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு ஓட்டை. தையலின் உள்பக்கம் நீர் புகாத டேப் ஒட்டிய பிறகுதான் ஒழுகல் நின்றது.

மழை ரக்கின் உண்மையான குறை மழை நின்ற பிறகுதான் தெரியும். நம்மூர் மழை பத்தரைக்கு நின்றால் பதினொன்றுக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். காற்றில் ஈரம் எண்பது, தொண்ணூறு சதவீதம். வியர்வை காயவே காயாது. காதைத் தொட்டுப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை, முன்தோளுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்க்க வேண்டும். வியர்வையில் பிசுபிசுப்பாக இருந்தால் உடனே கழற்ற வேண்டும். ஆகவே என் கட்சி இதுதான்: இடத்திலேயே ஆள் இல்லாதவர்கள் ரக் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் கொட்டகைத் தரையை அரையடி உயர்த்திக் கிராவல் கொட்டுங்கள். சேற்றில் நிற்காத குளம்பு அழுகாது. எனக்கு ஒருநாள் ஆபீஸ் மீட்டிங், அண்ணாவுக்குக் காய்ச்சல். மதியம் இரண்டு மணி வரை ரக் கிடந்த அந்த ஒரே நாளில் துரை மூச்சு வாங்கி நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நிமிடத்துக்கு எட்டிலிருந்து பதினாறு வரை இருக்க வேண்டிய மூச்சு, நாற்பதைத் தாண்டியிருந்தது.

நான்காவது ஈக்கான வலை ரக். மழை விட்ட கையோடு கிளம்பும் கொசுவைவிடச் சின்ன கடிப்பூச்சிகளால்தான் துரை பிடரியையும் வால் அடியையும் வேலியில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வான். விடியலிலும் அந்தியிலும் அவை அதிகம். வயிற்றை மூடும் மடிப்புள்ள வலை வாங்கியதும் தேய்ப்பது பாதியாகக் குறைந்தது. வரிக்குதிரைக் கோடு போட்டது அது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஒரு வாரம் வேலி ஓரம் வந்து நின்றார்கள். வண்டலூரிலிருந்து தப்பி வந்தது என்று அண்ணாவே கிளப்பிவிட்டிருக்கிறார்.

துவைப்பது பற்றி ஒரே வார்த்தை: சோப்புத்தூள் கூடாது. ஒருமுறை வீட்டு வாஷிங் பவுடரில் ஊறப்போட்டு, துணியின் மேல் முத்து முத்தாக உருண்டோடிய தண்ணீர் அடுத்த மழையில் அப்படியே உறிஞ்சப்படுவதைப் பார்த்தேன். இப்போது வெறும் தண்ணீரும் பிரஷும்தான். மடித்து வைத்தால் பூஞ்சை, மூட்டையாகக் கட்டினால் எலி. கொடியில் தொங்குவதுதான் ஒரே வழி.

உள்ளிருந்து வரும் சூட்டுக்கு ரக் எதுவும் செய்ய முடியாது. அது காய்ந்த புல்லின் வேலை. பெருங்குடலில் நார் நொதிக்கும்போதுதான் குதிரைக்கு உடம்பு காய்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது ரக் அல்ல, பரணில் எத்தனை கட்டு இருக்கிறது என்பதைத்தான். மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியர் புல்லை மட்டும் நம்ப முடியாது. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். குதிரைமசால் தீவனமும் சேர்த்தே ஆக வேண்டும். பெயரிலேயே குதிரை இருந்தும் நான் அதை இரண்டு வருடம் கழித்துத்தான் வாங்கத் தொடங்கினேன். கொள்ளு விஷயத்தில் அண்ணாவோடு இன்னும் தகராறு. "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளும்மா, இவன் ரெண்டும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வேகவைத்த கொள்ளை ஒரு கை கூடப் போட்டுவிடுவார்.

இந்த 2025 மழைக்கு மூன்றாவது ரக்கை எடுத்துப் பார்த்தேன். துணி திடமாக இருக்கிறது. நெஞ்சுக் கொக்கி ஒன்று உப்புக்காற்றில் துருப்பிடித்து மாட்டிக்கொண்டது, பின்கால் பட்டையின் எலாஸ்டிக் தொய்ந்துவிட்டது. ஜி.பி. ரோட்டுக்காரர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை அளவெடுக்கக் குதிரையையே கூட்டிவரச் சொன்னார். விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.