ஹீட்டர் தேவைப்படாத ஊரில் ஹீட்டர் காயில் மாற்றிய அனுபவம்

புதுச்சேரியில் கார் வைத்திருப்பவர்களில் ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியவர்கள் குறைவு. மார்கழி விடியற்காலையில்கூட இங்கே கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவதுதான் சுகம். ஆனால் நாம் தொடாவிட்டாலும், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்து வண்டிக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் அந்த ஹீட்டர் காயில் சும்மா இருப்பதில்லை. என் காரைப் போலப் பல கார்களில், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சூடேறி எப்போதும் அதன் வழியே ஓடிக்கொண்டிருக்கும். குமிழைத் திருப்பினால் அசைவது உள்ளே காற்றைத் திசைமாற்றும் மடல் மட்டும்தான். ஆகவே ஒருநாளும் ஹீட்டர் போடாத காரிலும் ஹீட்டர் காயில் அரித்து ஒழுகும். என் காரில் ஒழுகியது.

கார் 2006 பதிவு, பெட்ரோல், பிஒய் 01 எண். நான் இரண்டாவது உரிமையாளர். சில காலம் காயிலைத் துண்டித்து பைபாஸ் செய்து ஓட்டினேன். பிறகு 2022-இல் புதுக் காயில் போட்டேன். இரண்டு நிலையிலும் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டதால், எது யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் தைரியம் இருக்கிறது.

மாற்றுவதைவிடக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பழுதில் கடினம். முதல் அடையாளம் முன் இருக்கையின் இடப்பக்கத் தரைவிரிப்பு நனைந்திருப்பது. நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏசி ஓடுவதால், கால் வைக்குமிடத்தில் ஈரம் என்றதும் யாராக இருந்தாலும் “ஏசி டிரெயின் பைப் அடைத்திருக்கும்” என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் என்றால் மழைநீர் புகுந்திருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்தறிய ஒரு வெள்ளைக் காகிதம் போதும். விரிப்பில் அழுத்தி எடுங்கள். ஏசி நீருக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மழைநீர் மண் நிறம் காட்டும். கூலண்ட் என்றால் அதன் பச்சையோ சிவப்போ காகிதத்தில் ஏறும், விரலிடுக்கில் தேய்த்தால் வழுக்கும். வெல்லப்பாகு காய்ச்சும் வீட்டைக் கடப்பது போன்ற ஒரு வாசம் வண்டிக்குள் இருக்கும். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, அதோடு நஞ்சு. நாய், பூனை நக்கினால் சிறுநீரகம் கெட்டு உயிர் போகும். ஒர்க்‌ஷாப்பில் வடித்த கூலண்டைத் தெருவில் ஊற்றவிடாதீர்கள்.

இரண்டாவது அடையாளம் முன்கண்ணாடியில் படியும் எண்ணெய்ப் பசை. இதிலும் கடற்கரை ஊருக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. ஏசியை அதிகம் குளிரவைத்தால் வெளியே இருக்கும் ஈரக்காற்று கண்ணாடியின் வெளிப்பக்கம் படிந்து மங்கலாகும். வைப்பரை ஒருமுறை ஓட்டினால் போய்விடும். கூலண்ட் ஆவி படிவது உள்பக்கம். துணியால் துடைத்தால் இழுபட்டு இன்னும் மோசமாகும். காலாப்பட்டு தாண்டி இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு கண்ணாடி முழுவதும் சிதறும். அது ஆபத்தானது, தரைவிரிப்பு ஈரத்தோடு ஓட்டலாம், இதோடு ஓட்டக் கூடாது.

சந்தேகம் தீர அழுத்தச் சோதனை உண்டு. ரேடியேட்டர் மூடியின் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, ஏறத்தாழ ஒரு பார், அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பம்பின் அழுத்த முள் இறங்குகிறது, ஆனால் என்ஜினுக்கு வெளியே எங்கும் சொட்டு இல்லை என்றால் டேஷ்போர்டுக்குப் பின்னால்தான் பார்க்க வேண்டும். இந்தப் பம்பு வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பையே தேடிப் போங்கள். ஊகத்தில் டேஷ்போர்டைக் கழற்றத் தயாராக இருப்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் சோதித்துவிட்டுச் சிரித்தார். “சார், நம் ஊரில் ஹீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? லூப் அடித்துவிடலாம்” என்றார். என்ஜினிலிருந்து காயிலுக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் கழற்றி, ஒன்றோடொன்று இணைத்துக் கிளிப் போட்டுவிடுவதுதான் லூப். அரை மணி நேர வேலை, சில நூறு ரூபாய். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே: இரண்டு முனைகளையும் தனித்தனியே அடைத்துவிடக் கூடாது. சில என்ஜின்களில், சூடேறும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலண்ட் சுழல்வதற்கு ஹீட்டர் பாதையும் ஒரு வழி. அதை அடைத்தால் சூடு ஒரே இடத்தில் தேங்கும். ஒழுகலை நிறுத்தும் பவுடர், திரவம் எதையும் ஊற்றவும் அவர் சம்மதிக்கவில்லை. அது ஓட்டையை அடைப்பதற்கு முன் காயிலின் மெல்லிய குழாய்களை அடைக்கும், ரேடியேட்டரிலும் போய்ப் படியும்.

பைபாஸ் காலத்தைப் பற்றிக் குறையே சொல்ல மாட்டேன். வாசம் போயிற்று, பசை நின்றது, கூலண்ட் அளவு இறங்கவில்லை. எதிர்பாராத லாபமாக ஏசி கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்தது. காரணம் எளிது: குளிர்ந்த காற்று வரும் பாதைக்குப் பக்கத்திலேயே ஹீட்டர் காயில் கொதித்துக்கொண்டிருக்கிறது, பழைய வண்டியில் மடலின் பஞ்சு உதிர்ந்து போயிருப்பதால் அந்தச் சூடு கசிந்து கலக்கிறது. நல்ல காயிலையே துண்டித்துவிடும் ஏசி கடைக்காரர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம். வண்டி பாகூர், வில்லியனூர், கடலூர் என்று மட்டும் சுற்றுவதென்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். செலவு மிச்சம்.

என்னை மாற்றவைத்தவை இரண்டு. ஒன்று, டிசம்பரில் ஊட்டிக்குப் போனபோது கண்ணாடி உள்ளே பனித்துக்கொண்டே இருந்தது. ஏசி போட்டால் ஈரம் போகும், ஆனால் பின்னால் அம்மா நடுங்கினார். ஏசி ஈரத்தை எடுக்க, ஹீட்டர் அதே காற்றைச் சூடாக்க, இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் அங்கே வண்டிக்குள் உட்கார முடியும். இரண்டாவது, ஏசி கூலிங் காயிலும் கசியத் தொடங்கியது. என் வண்டியில் இரண்டு காயில்களும் ஒரே பெட்டிக்குள் இருப்பவை. எப்படியும் டேஷ்போர்டு கழலப்போகிறது, ஒரே கூலியில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எல்லா வண்டியிலும் இப்படி இல்லை; சிலவற்றில் கால் வைக்கும் பக்கத்திலிருந்தே ஹீட்டர் காயிலை உருவி எடுக்கலாம். கூலி பேசும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காயில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடை ஒன்றிலிருந்து பார்சலில் வந்தது. புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். என் காயிலின் வயதேயான இன்னொன்றை வாங்கி மாட்ட எனக்கு மனமில்லை. பித்தளைக் காயிலாக இருந்தால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து அடைத்திருக்கலாம். இது அலுமினியம், இரு முனையிலும் பிளாஸ்டிக் தொட்டி, அடைத்தாலும் நிற்காது.

வேலை இரண்டு நாள் பிடித்தது. பேட்டரியைக் கழற்றி, ஏசி கேஸை எடுத்து, ஸ்டியரிங்கைத் தாழ்த்தி, டேஷ்போர்டை வெளியே எடுத்து வைத்தபோது இது நம் கார்தானா என்று வயிறு கலங்கியது. அண்ணன் ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்தார், திருகுகளை இடம் எழுதிய தனித்தனி டப்பாக்களில் போட்டார். அந்த ஒழுங்குக்குத்தான் கூலி. ஹீட்டர் காயிலின் விலையைவிடக் கூலி இரண்டு மடங்குக்கு மேல் ஆனது, அது நியாயமும்கூட.

பழைய காயிலை அறுத்துப் பார்த்தோம். உள்ளே துருச் சேறும் வெள்ளை உப்பும் அப்பியிருந்தன. முந்தைய உரிமையாளர் காலத்தில் வெறும் போர்வெல் நீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்பது தெளிவு. கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பது நமக்குத் தெரிந்ததே. அந்த உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தை ஊசி குத்தியதுபோல் துளைக்கும். கூலண்டு பனிக்கட்டி உறையும் நாட்டுக்கானது, நமக்கு எதற்கு என்ற பேச்சு இங்கே பரவலாக இருக்கிறது. அதில் சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்பான்தான் நமக்கு வேண்டியது. பாதிக்குப் பாதி கலவை சாதாரண அழுத்தத்திலேயே 106 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும் என்பது கூடுதல் லாபம். தாதுநீக்கிய நீரில்தான் கலக்க வேண்டும்; ஒரு வகையோடு வேறு வகையைக் கலக்கக் கூடாது. நான் போடுவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பச்சை வகை.

கூலண்ட் நிரப்பிய பிறகு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதில் அவசரம் காட்டவிடாதீர்கள். காற்றுக் குமிழி சிக்குவதற்கு ஹீட்டர் காயில் தோதான இடம். ரேடியேட்டர் விசிறி ஓடி நிற்கும்வரை என்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரில் சூடு சீராக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். டேஷ்போர்டுக்குள் நீர் சலசலக்கும் ஒலி கேட்டால் காற்று இன்னும் இருக்கிறது.

இத்தனை காலத்தில் காயில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. வேலை முடிந்து வண்டி வந்த புதிதில் ஏசி குளிர்ச்சி குறைந்திருந்தது. மடலை இழுக்கும் கேபிளின் நீளம் சரியாக அமையாததால் குமிழ் நீலத்தின் கடைசியில் நின்றாலும் மடல் முழுவதும் மூடவில்லை. கிளிப்பைக் கொஞ்சம் நகர்த்தியதும் சரியாயிற்று. இதே வேலை செய்பவர்கள் புதுக் கேஸ் நிரப்பச் சொல்லிப் பணம் கேட்குமுன் இந்தக் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹீட்டர் இருமுறை நன்றாகக் கைகொடுத்தது. மரக்காணம் அருகே ரேடியேட்டர் விசிறி நின்று என்ஜின் வெப்பம் காட்டும் முள் ஏறத் தொடங்கியபோது ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திருப்பி ஊதவிட்டேன். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே. மே மாத வெயிலில் அது தண்டனைதான், ஆனால் முள் இறங்கியது. பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேர்ந்தேன். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் இதெல்லாம் வேண்டாம், என்ஜினை நிறுத்திவிடுங்கள். மற்றொன்று, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தெருவில் நின்ற நீர் கதவிடுக்கு வழியே உள்ளே வந்துவிட்டது. விரிப்பில் காகிதம் வைத்துப் பார்த்தேன், மண் நிறம்தான். நீர் என்ஜின் வரை ஏறவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துக் காலடிக்குத் திருப்பி ஓடவிட்டேன். வெயிலுக்குக் காத்திருந்த பக்கத்து வீட்டு வண்டிக்கு முன் என் வண்டி காய்ந்தது, பூஞ்சை நாற்றமும் வரவில்லை.

டேஷ்போர்டைக் கழற்றி மாட்டியதன் நினைவாக, கையுறைப் பெட்டி பக்கம் வேகத்தடையில் ஒரு கடகடப்பு இன்னும் இருக்கிறது. ஒரு கிளிப் உடைந்திருக்க வேண்டும். 2026 மழைக்கு முன் கூலண்ட் மாற்றும்போது அதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.