அயடைட்டை அளக்க: மின்வாயா, மஞ்சள் கரைசலா?

வவுனியாவிலோ மாங்குளத்திலோ ஒரு கிணற்று நீரில் அயடைட்டு (அயடீனின் ஓர் அயன் வடிவம்) எவ்வளவு என்று பார்க்க, கையில் எடுக்கக்கூடிய வழிகள் இரண்டு.

ஒன்று அயடைட்டு மின்வாய், அதாவது நீரில் தோய்த்து மின்னழுத்தமாக அளவை வாசிக்கும் கோல். வெள்ளி அயடைட்டையும் வெள்ளி சல்பைட்டையும் சேர்த்து அழுத்திய வில்லை அதன் முனையில் இருக்கும். அயடைட்டு பத்து மடங்கு கூடினால் 25 பாகை செல்சியசில் வாசிப்பு 59 மில்லிவோல்ட் இறங்கும். எங்கள் வெயிலில், 30 பாகையில், அது 60. ஆகவே ஒப்பிடப் பயன்படும், அளவு தெரிந்த நியமக் கரைசலும் மாதிரியும் ஒரே சூட்டில் இருக்கவேண்டும். உவர்ப்பான கிணற்றின் குளோரைட்டு இதைப் பெரிதாகக் குழப்பாது. சல்பைட்டுதான் கெடுக்கும். வாளியைத் தூக்கும்போதே கூழ்முட்டை மணம் அடித்தால் மின்வாயை அதில் வைக்கவே வேண்டாம். லீற்றருக்கு 10 மைக்ரோகிராமை நெருங்கும்போது எண் சட்டென்று நிற்காது, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

மற்றது சாண்டல்-கோல்தோப் முறை. சீரியத்தின் மஞ்சள் நிறத்தை ஆர்சனிக் சேர்மம் மெதுவாக அழிக்கும். துளி அயடைட்டு இருந்தாலும் அது ஊக்கியாகி மஞ்சளை விரைவாக வெளிறவைக்கும். மிகக் குறைந்த அளவுகளுக்கு இதுதான் சரி. அயடீனின் இன்னொரு வடிவமான அயடேற்றையும் சேர்த்தே காட்டும். மின்வாய்க்கு அயடேற்று தெரியாது. ஆனால் மிஞ்சுவது ஆர்சனிக் கழிவு. ஊர் குடிக்கிற கிணற்றடியில் அந்தப் போத்தலைத் திறப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கிணற்றடிக்கு மின்வாயையே கொண்டுபோவேன். வாசிப்பு தடுமாறும் மாதிரிகளை மட்டும் கடும் நிறப் போத்தலில் அடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம்.