பிரிட்டனின் குழந்தைப் பராமரிப்புத் தொகைச் சேவை: தனிப்பெற்றோர் நோக்கில் ஒரு மதிப்பீடு

அரசு உதவித்தொகையை நம்பித் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், பிரிந்து சென்ற துணையிடம் பராமரிப்புத் தொகை கோரியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2008-இல் நீங்கியதும், 2010 முதல் அத்தொகைக்காக உதவித்தொகையைக் குறைப்பது நின்றதும்தான் அத்தொகையைக் கணக்கிட்டு, தேவையானால் வசூலித்தும் தரும் இந்த அரசுச் சேவையைப் பயனுள்ளதாக்கின. அதற்கு முன்பு, கிடைத்த தொகையில் பெரும்பகுதி அரசுக் கருவூலத்துக்கே போனது. இன்று யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு உதவித்தொகை) பெறுபவருக்கு அது முழுவதும் கூடுதல் வரவு.

செலுத்துபவரின் மொத்த வருமான விவரத்தை வரித்துறையிடமே பெற்று, அடிப்படை விகிதத்தில் ஒரு பிள்ளைக்கு 12, இரு பிள்ளைகளுக்கு 16 விழுக்காடு எனக் கணக்கிடுவது தெளிவான முறை. ஆனால் செலுத்துபவரும் உதவித்தொகையில் வாழ்பவரானால் பொதுவாக வாரம் 7 பவுண்டுதான். பிள்ளைக்குக் காலணி வாங்கவும் போதாது. 20 பவுண்டு விண்ணப்பக் கட்டணம் 2024 பிப்ரவரியில் நீக்கப்பட்டது நல்ல முடிவு.

சேவையே வசூலித்துத் தரும் முறையில் பெறுபவரிடமும் 4 விழுக்காடு பிடிக்க 2014-இல் வகுத்த ஏற்பாட்டை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை; கொடுக்க மறுத்தவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவரா? சொந்தத் தொழில் செய்பவர்கள் வருமானத்தைக் குறைத்துக் காட்ட இடமிருப்பதும் குறையே. செலுத்துபவருக்கு வாடகை, பங்காதாயம் போன்றவற்றால் வரும் வருமானம் ஆண்டுக்கு 2,500 பவுண்டைத் தாண்டுவதாகத் தெரிந்தால், மறுகணக்கீடு கோரும் உரிமையைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.