நெல்லுக்கு முன் எதை விதைக்கலாம்: தக்கைப்பூண்டா, சணப்பையா, கொளுஞ்சியா?

பசுந்தாள் பயிர் (உரத்துக்காக வளர்த்து, பச்சையாகவே மண்ணில் மடக்கி உழும் பயிர்) என்றாலே "எது அதிகத் தழை தரும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வயலில் தண்ணீர் நிற்குமா, வடியுமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

தண்ணீர் தேங்கும் களிமண், களர் (சோடியம் மிகுந்த), உவர் (உப்பு மிகுந்த) நிலங்களுக்குத் தக்கைப்பூண்டுதான். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். நன்றாக வந்தால் 45 நாளில் 8 முதல் 10 டன் பச்சைத் தழை கிடைக்கும். களர் நிலத்தில் ஜிப்சம் இட்டு, தண்ணீர் கட்டி வடித்த பிறகு விதைக்க வேண்டும்.

சணப்பை வடிகாலுள்ள மண்ணுக்கு. ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ விதைத்தால் 5, 6 டன் தழை வரும். வேரில் முடிச்சு உண்டாக்கிப் பயிரைக் கெடுக்கும் நூற்புழுவைக் குறைக்கும் என்பதால் காய்கறி நிலத்துக்கு இதையே பரிந்துரைப்போம். தண்ணீர் நின்றால் வீணாகிவிடும். நாளானால் தண்டு நாராகி ரோட்டவேட்டரில் சுற்றிக்கொள்ளும்.

கொளுஞ்சி மெதுவாக வளரும், தழையும் குறைவு. ஆனாலும் கோடையில் ஆடு மாடு திரியும் ஊர்களில் கைகொடுப்பது இதுதான். கால்நடைகள் இதைத் தொடுவதில்லை. விதைத்தோல் கடினம், மணலோடு சேர்த்துத் தேய்த்த பின் விதைக்க வேண்டும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ. சில செடிகளைக் காய்க்க விட்டால் அடுத்த பருவம் தானாகவே முளைக்கும்.

இந்த மூன்றோடு மணிலா அகத்தியும் உண்டு. அது வேரில் மட்டுமின்றித் தண்டிலும் முடிச்சு விட்டுத் தழைச்சத்தை (நைட்ரஜனை) சேர்க்கும். பகல் குறைந்த மாதங்களில் சீக்கிரம் பூத்துக் குட்டையாக நின்றுவிடும். மாசி முதல் ஆடிக்குள் விதைப்பது நல்லது.

எதை விதைத்தாலும் பூக்கத் தொடங்கும்போதே, பெரும்பாலும் 45 முதல் 50 நாளில் (கொளுஞ்சிக்கு 60 நாள் வரை ஆகலாம்), மடக்கி உழுதுவிட வேண்டும். முற்றிய தண்டை மட்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். நட்ட பயிர் வெளிறி நிற்கும். தழை கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று இன்னும் இரண்டு வாரம் விட்டுவைப்பவர்களுக்கு நட்டம்தான்.

உழுத பின் சிறிது தண்ணீர் கட்டி 7 முதல் 10 நாள் விட்டு நடவேண்டும். அவசரப்பட்டு மறுநாளே நட்டால் தழை அழுகும்போது உண்டாகும் அமிலங்களால் வேர் கறுக்கும். அப்படி ஆகிவிட்டால் உரம் போடாதீர்கள். தண்ணீரை வடித்து, மண்ணில் மயிர்வெடிப்பு வரும்வரை காயவிட்டுப் பிறகு பாய்ச்சுங்கள்.