24 அங்குல ஐபிஎஸ் திரையா, 27 அங்குல விஏ வளைதிரையா?

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் கணினித் திரை வாங்கச் செல்லும் நம் இளையோர் பலர், விலையில் அதிக வேறுபாடில்லாத இவ்விரண்டுக்கும் நடுவே தடுமாறுகின்றனர். ஐபிஎஸ், விஏ என்பவை திரைப்பலகையின் இரு வகைகள். இரண்டு திரைகளும் 1080பி (1920 x 1080 புள்ளிகள்), 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 படச்சட்டங்கள்) என்றே கொள்வோம்.

வேகம்: 144 ஹெர்ட்ஸில் ஒரு படச்சட்டம் ஏறத்தாழ 7 மில்லிநொடியே நிற்கும், அதற்குள் புள்ளிகள் நிறம் மாறிவிட வேண்டும். ஐபிஎஸ் பெரும்பாலும் ஈடுகொடுக்கிறது. விலை குறைந்த விஏ திரைகள் பலவும் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவதில் பின்தங்குவதால், வாலரண்ட் என்னும் துப்பாக்கிச் சண்டைக் கணினி ஆட்டத்தில் இருண்ட மூலையிலிருந்து எதிரி பாயும்போது, ஈர மையை விரலால் இழுத்ததுபோல் அவன் பின்னே ஒரு நிழல் படர்கிறது. என் தம்பியின் திரையில் இதைக் கண்ட பிறகு, நிறம் மாறும் நேரமெனப் பெட்டியில் அச்சிட்ட '1 மில்லிநொடி'யை மட்டும் நம்பி நான் வாங்குவதில்லை.

தெளிவு: 24இல் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள், 27இல் 82 மட்டுமே.

கறுப்பின் ஆழம்: வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான ஒளி விகிதம் விஏவில் பொதுவாக 3000:1, ஐபிஎஸ்ஸில் 1000:1; விகிதம் கூடினால் கறுப்பு ஆழமாகத் தெரியும்.

போட்டி ஆட்டமே முதன்மை என்போர் தயங்காமல் 24 அங்குல ஐபிஎஸ் வாங்கலாம். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பதே அதிகம் என்போருக்கு விஏ நிறைவளிக்கும். எதை வாங்கினாலும், பணம் கட்டுமுன் கடையிலேயே இயக்கச் சொல்லிச் செத்த (ஒளிராத) புள்ளிகள் உண்டா எனப் பாருங்கள். வீட்டில் விண்டோஸ் அமைப்பில் 60 ஹெர்ட்ஸை 144ஆக மாற்ற மறவாதீர்கள்.